வைத்தியச்சி கையில் கடைசி வேர்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தால் போதும், திருச்சியில் வசுமதி வீட்டு ஹாலில் ஒரு ராஜ்யமே எழும்பிவிடும். எல்லாம் வாய்வார்த்தையில்தான். வசுமதி கதையை நடத்துவாள். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அது என்ன செய்யும் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள்; சொன்னது பலிக்குமா என்பது விழும் எண்ணைப் பொறுத்தது. பெலிக்ஸ் திருடன், ரஃபீக் படைவீரன். புதிதாகச் சேர்ந்த மணிமொழி வைத்தியச்சி. வசுமதியின் அலுவலகத் தோழி அவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள்.

பெலிக்ஸ் நல்ல பையன்தான். ஆனால் ஆட்டத்தில் உட்கார்ந்தால் வால் முளைத்துவிடும். அரசனின் கஜானா திறந்து கிடந்தபோது அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரஃபீக்கின் வாளைத் தொட்டதில்லை. வாராவாரம் வைத்தியச்சியின் மூலிகைப் பையில்தான் கைவைத்தான். மணிமொழியின் முகம் வாடினால், "நான் என்ன பண்றது? திருடன்னா திருடத்தானே செய்வான்" என்று சிரிப்பான்.

போன வாரம் மணிமொழி, இனி வரப்போவதில்லை என்று வசுமதியிடம் சொல்லிவிட்டாள். அவள் போனால் கூட்டமே கலைந்துவிடும் என்று வசுமதிக்குப் பயம். கெஞ்சிக் கூத்தாடி, இன்னும் ஒரே ஒரு வாரம் என்று அழைத்து வந்திருந்தாள். பெலிக்ஸிடம் நேராகச் சொல்ல வாய் வராமல், அவனுக்குப் புத்தி வரட்டும் என்று கதைக்குள் ஒரு பாம்பையும் அனுப்பிவைத்தாள்.

பாம்பு திருடனைக் கடித்தது. வைத்தியச்சியின் பையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வேர்.

சாகட்டும் விடு என்றான் ரஃபீக். பெலிக்ஸோ கவலையே படவில்லை. எதிரியே வந்து விழுந்தாலும் காப்பாற்றுவேன் என்பது வைத்தியச்சியின் சத்தியம். பாத்திரத்தின் குணத்தை மீறக் கூடாது என்பது அந்த ஆட்டத்தின் சட்டம்.

மணிமொழி பகடையைக் கீழே வைத்தாள்.

"அவ காப்பாத்துவா, பெலிக்ஸ். ஆனா அவளுக்காக உருட்டுறது நான். எனக்கு மனசு வரல."

சட்டத்தை மீறிவிட்டாள் என்று பெலிக்ஸ் குதித்தான். மூவரும் வசுமதியின் வாயையே பார்த்தார்கள்.

திருடனாகவே நடந்துகொண்ட பெலிக்ஸ், பழிக்குப் பழி கேட்ட ரஃபீக், சத்தியத்தை மீறிய மணிமொழி. நீங்கள் வசுமதியாக இருந்தால், இதில் யார் செய்தது சரி என்பீர்கள்?

விடை: மணிமொழி செய்ததுதான் சரி. திருடன் திருடுவான், ஒப்புக்கொள்வோம். ஆனால் திறந்த கஜானாவை விட்டுவிட்டு, திருப்பி அடிக்காதவளின் பையைத் தேடிப் போனது பெலிக்ஸின் குறும்பு. ரஃபீக் திருடனைத் தண்டிக்கப் பார்த்தான். திருடன் செத்தால் பெலிக்ஸ் அடுத்த வாரம் கொள்ளைக்காரனாக வந்து உட்காருவான். பாம்பை அனுப்பிய வசுமதி செய்ததும் அதே தவறுதான். பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு ஆளிடம் பேசியவள் மணிமொழி ஒருத்திதான். வசுமதி இதைச் சொன்னதும் பெலிக்ஸின் முகம் தொங்கிப்போயிற்று. "தப்புதான் மணி. உனக்கு இவ்ளோ கஷ்டமா இருக்கும்னு நினைக்கல" என்றான். அவள் பகடையை எடுத்து உருட்டினாள். திருடன் பிழைத்துக்கொண்டான். கிளம்பும்போது, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மணிமொழி கேட்டாள். வசுமதிக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.