நாலடி மூணங்குலம்

கிறீச்... கிறீச்... டணங்.

கிறீச்... கிறீச்... டணங்.

இப்படித்தான் கேக்கும். ஏரியோட இந்தக் கரையில நின்னா, அந்தச் சத்தம் தண்ணி மேலேயே நடந்து வர்ற மாதிரி வரும். கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. காது இன்னும் அதைக் கீழே இறக்கி வைக்கலை. நீ கண்ணை மூடிக்கோ. மூடிக்கிட்டு "ம்" போடு. "ம்" நின்னா கதையும் நின்னுடும்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு ஏரி. ஊர் பேரு கொன்றையூர். அந்த ஏரிக்கரையில ஒரு விளையாட்டுப் பூங்கா. ரொம்பப் பழசு. அதை நடத்தினது ஒரு ஆச்சி. ஆச்சியோட மாமனார் வச்ச பூங்கா அது. ஊஞ்சல் உண்டு, சறுக்கு உண்டு, எல்லாத்துக்கும் நடுவுல ஒரு குடை ராட்டினம் உண்டு. குடைக்குக் கீழே பன்னிரண்டு மரக்குதிரை. அதுல முதல் குதிரைக்கு வெள்ளையம்மான்னு பேரு. அவ கழுத்துல மட்டும் ஒரு வெண்கல மணி. வெள்ளையம்மா மேல உக்காந்த பிள்ளை, சுத்துக்கு ஒரு தடவை கயித்தை இழுக்கலாம். டணங். மத்த பதினொரு பிள்ளைங்களும் திரும்பிப் பார்க்கும்.

ம்.

அந்த ஊர்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேர். அக்கா மரகதம். தங்கச்சி பவளம். ஒரே ஒரு வயசுதான் வித்தியாசம். வருஷா வருஷம் காணும் பொங்கலுக்கு அம்மா எலுமிச்சம்பழச் சாதம் கட்டுவாங்க, அப்பா தண்ணிக் கூஜாவைத் தூக்குவார், நாலு பேரும் பூங்காவுக்குப் போவாங்க. மரகதத்துக்கு வெள்ளையம்மா. பவளத்துக்குக் கடைசிக் குதிரை. அதுக்கு ஒரு காது இல்லை.

"ஏன் இல்லை?"

யாரோ ஒரு பிள்ளை பல்லு முளைக்கும்போது கடிச்சுட்டதா ஆச்சி சொல்வாங்க. "ம்" மட்டும் போடு.

அந்தப் பூங்காவுல ரெண்டு வழக்கம் உண்டு. ராட்டினத்துக்குப் பக்கத்துல ஒரு மரத்தூண். அதுல நாலடி மூணங்குலத்துல ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குக் குதிரை. கோட்டைத் தாண்டிட்டா குதிரை கிடையாது, படகுதான். படகுல ஏறினா ஏரி நடுவுல இருக்கிற மண்டபத்துக்குப் போய், மீனுக்குப் பொரி போட்டுட்டு வரலாம். இது ஒரு வழக்கம். இன்னொண்ணு, ஒரு வீட்டுப் பிள்ளை குதிரையை விட்டு இறங்கினா, அந்தக் குதிரை அதே வீட்டு அடுத்த பிள்ளைக்குத்தான்.

அப்போ மரகதத்துக்குப் பத்து வயசு. முருங்கைக்காய் மாதிரி நெடுநெடுன்னு வளர்ந்திருந்தா. தூண்ல முதுகை ஒட்டி நின்னா. ஆச்சி ஒரு அடிக்கோலை அவ தலைமேல வச்சுத் தூண்ல தட்டினாங்க. டொக்.

"தாண்டிட்டேடி," அப்படின்னாங்க.

"பூ வச்சிருக்கேன் ஆச்சி. பூவுதான் உயரம்."

பூவை எடுத்தா. டொக். செருப்பைக் கழட்டினா. டொக். தலையில தண்ணியைத் தெளிச்சு முடியை அமுக்கிக்கிட்டு நின்னா. டொக். மூணு தடவையும் கோட்டுக்கு ஒரு விரக்கடை மேலதான் தட்டுச்சு.

"இன்னும் கழட்ட என்னடி இருக்கு, தலையா?" அப்படின்னு ஆச்சி சிரிச்சாங்க. "போ, போய்ப் படகுல ஏறு. தங்கச்சி எங்கே? வா, வெள்ளையம்மா இனிமே உனக்கு."

பொறாமை உடம்புல எங்கே இருக்கும் தெரியுமா? தொண்டைக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே. வெண்பொங்கல்ல கடிபட்ட மிளகு மாதிரி. முழுங்கினாலும் எரியும், துப்பினாலும் எரியும்.

அப்பா படகுல மரகதத்தைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, அங்கே பாரு நீர்க்காக்கா, இங்கே பாரு கெளுத்தின்னு காட்டினார். மரகதம் ஏரியைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பி ராட்டினத்தையே பார்த்தா. கிறீச்... கிறீச்... டணங். ஒவ்வொரு டணங்கும் அவ நெஞ்சுல ஒரு குட்டு.

ம் போடு.

ம்.

அப்புறம் அடுத்த வருஷம் வந்துச்சு. இந்தத் தடவை மரகதம் நல்லா யோசிச்சுட்டு வந்தா. தரை தொடுற மாதிரி பட்டுப் பாவாடை. தூண்கிட்ட நின்னு, பாவாடைக்குள்ளேயே முழங்காலை மடக்கிக்கிட்டா. தலை சரியா கோட்டுக்குக் கீழே போயிடுச்சு. ஆச்சி அவளை மேலேருந்து கீழே பார்த்தாங்க. அப்புறம் கீழேருந்து மேலே பார்த்தாங்க.

"போன வருஷத்தைவிடக் குள்ளமாயிட்டே. வீட்டுல சோறு போடலையா?"

"போடுறாங்க ஆச்சி."

"அப்போ பாவாடை ஏன் என் வாசலைப் பெருக்குது?" அப்படின்னு அடிக்கோலால முழங்கால்ல மெதுவா ஒரு தட்டு. மரகதம் சர்ருனு நிமிர்ந்துட்டா.

பவளம் மறுபடியும் வெள்ளையம்மா மேல ஏறினா. ஏறுமுன்ன அவ கழட்டி வச்சது மரகதத்தோட பழைய வெள்ளை கேன்வாஸ் ஷூ. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுத் தேஞ்சு, அக்காவுக்குப் பத்தாமப் போனதும் தங்கச்சிக்கு வந்தது. மரகதம் பார்த்துக்கிட்டே நின்னா. என் ஷூ. என் குதிரை. என் மணி. இன்னும் என்னதான் பாக்கி இருக்கு என்கிட்ட?

ராட்டினம் நின்னதும் பவளம் ஒரு காரியம் பண்ணினா. குனிஞ்சு, தரையில பிள்ளைங்க போட்டுட்டுப் போன ரோஸ் டிக்கெட்டை எல்லாம் பொறுக்கிப் பாவாடையில கட்டிக்கிட்டா. கெட்டி அட்டை டிக்கெட்டு.

"எதுக்குடி அது?" அப்படின்னா மரகதம்.

"சும்மா."

எல்லார்கிட்டேயும் காட்டிப் பீத்திக்கத்தான்னு மரகதம் நினைச்சா. நானும் அவளா இருந்தா அப்படித்தான் நினைச்சிருப்பேன்.

ம்.

அப்புறம் மூணாவது வருஷம். மரகதத்துக்குப் பன்னிரண்டு, பவளத்துக்குப் பதினொண்ணு. மரகதம் அன்னிக்கு அளக்கவே நிக்கலை. அளக்கிறதுக்கு என்ன இருக்கு? கோடு அவ தோளுக்கு வந்துடுச்சு. பவளம் ஷூவோட போய்த் தூண்ல நின்னா. கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டினா. டொக். கோட்டுக்குக் கீழே.

ஆச்சி இந்தத் தடவை சிரிக்கலை. "ஏறும்மா," அப்படின்னாங்க, அவ்வளவுதான். மரகதம் அதைக் கவனிக்கலை. பொறாமைக்கு ஒரே ஒரு கண்ணுதான், அது குதிரை மேல இருந்துச்சு.

ராட்டினப் பலகையில வெறுங்காலோடதான் ஏறணும். பவளம் ஷூவைக் கழட்டி அக்காகிட்ட நீட்டினா. "பத்திரம்க்கா."

"நான் என்ன உன் வேலைக்காரியா?"

"இல்லக்கா. பத்திரம்னுதான் சொன்னேன்."

அப்பா படகுத்துறையிலேருந்து கூப்பிட்டார். "மரகதம், வரலையா?"

"எனக்குப் படகு வேண்டாம்."

அவ ஏரிப் படிக்கட்டுல போய் உக்காந்தா. மடியில அந்த ரெண்டு ஷூ. ராட்டினம் கிளம்புச்சு. கிறீச்... கிறீச்... டணங். முதல் சுத்துக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டா. டணங். ரெண்டாவது சுத்துக்குக் காதைப் பொத்திக்கிட்டா. மூணாவது சுத்து வந்துச்சு. வெள்ளையம்மா அந்தப் பக்கம் திரும்பி மறைஞ்ச நேரம் பார்த்து, ஒரு ஷூவை எடுத்து ஏரியில விட்டெறிஞ்சா.

தொபுக்.

"அய்யோ."

நீ அய்யோன்னுட்டே. அவ சொல்லலை. அவளுக்கு ஒரு நிமிஷம் குளுகுளுன்னு இருந்துச்சு. ஒரே ஒரு நிமிஷம்தான்.

அந்த ஷூ கொஞ்ச நேரம் மிதந்துச்சு, அப்புறம் சாஞ்சுச்சு, குளுக் குளுக்குன்னு தண்ணி குடிச்சுது. அதுக்குள்ளேருந்து என்னவோ நழுவி வந்துச்சு. முதல்ல கட்டியா இருந்துச்சு. அப்புறம் ஊறி, ஒவ்வொண்ணா பிரிஞ்சு, தண்ணி மேல ரோஸ் ரோஸா பரவுச்சு. தாமரை இதழை யாரோ பிச்சுப் போட்ட மாதிரி.

என்னன்னு தெரியுதா?

"...டிக்கெட்டா?"

டிக்கெட்டுதான். மரகதம் மடியில மிச்சம் இருந்த ஷூவுக்குள்ளே கையை விட்டுப் பார்த்தா. குதிகால் பக்கம், ரோஸ் டிக்கெட்டுக்கு மேல ரோஸ் டிக்கெட்டா, சோத்துப் பசை தடவி, பலகை மாதிரி ஒட்டி வச்சிருந்துச்சு. அத்தனையும் குதிரை டிக்கெட்டு.

அப்போதான் அந்தக் கொக்குக் கழுத்து அவளுக்கு ஞாபகம் வந்துச்சு. தன்னைக் குள்ளமாக்க இவ முழங்காலை மடக்கினா. அவ உயரமாகிறதுக்குச் சோத்தைப் பிசைஞ்சு ஒட்டியிருக்கா.

ராட்டினம் நின்னுச்சு. பவளம் இறங்கி, வெறுங்காலோட தத்தித் தத்தி வந்தா. மணல் சுட்டுச்சு.

"இன்னொரு ஷூ எங்கேக்கா?"

"தண்ணியில."

"விழுந்துடுச்சா? போட்டியா?"

மரகதம் மிச்சம் இருந்த ஷூவை அவகிட்ட நீட்டினா. அப்புறம், "போட்டேன்."

பவளம் அழுவான்னு அவ காத்திருந்தா. பவளம் அழலை. தண்ணியில மிதந்துக்கிட்டிருந்த ரோஸ் அட்டைங்களைப் பார்த்தா.

"போகட்டும். அது எப்படியும் பத்தலை. வெறுங்காலோட நின்னா ரெண்டங்குலம் குறையுதுக்கா. அட்டை ஒரு அங்குலம்கூட வரலை."

"உனக்கு எதுக்குடி உயரம்? வெள்ளையம்மா இருக்கா, மணி இருக்கு."

"நீதான் படகுல போறே," அப்படின்னா பவளம். "வருஷா வருஷம் அப்பா பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் போறே. நான் மணியை அடிச்சு அடிச்சுக் கூப்பிடுறேன். அப்பா ஒரு தடவைகூடத் திரும்பலை. நீதான் திரும்பி முறைக்கிறே."

ம்?

ம்.

அப்புறம் என்ன பண்றது? மணல் கொதிக்குது, ஷூ ஒண்ணு ஏரிக்குள்ளே. "ஏறு முதுகுல," அப்படின்னு மரகதம் குனிஞ்சா. தங்கச்சியை உப்புமூட்டை தூக்கிக்கிட்டு நடந்தா. தக்கு தக்குன்னு நடந்து அந்தத் தூண் பக்கம் வந்தா. வந்தவ நின்னுட்டா. தூணுக்கு முதுகைக் காட்டித் திரும்பினா. பவளத்தோட முதுகு தூண்ல ஒட்டுச்சு.

"ஆச்சி, இவளை இப்போ அளங்க."

ஆச்சி அடிக்கோலைத் தூக்கினாங்க. எக்கித் தட்ட வேண்டியிருந்துச்சு. டொக். கோடு எங்கேயோ கீழே, பவளத்தோட இடுப்புக்கிட்ட கிடந்துச்சு.

"ஏண்டி, இது யாரு உயரம்?"

"எங்க வீட்டு உயரம்," அப்படின்னா மரகதம். "குதிரை மட்டும் வீட்டு வழக்கம்னா, உயரம் ஏன் இல்லை?"

ஆச்சி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "எங்க மாமனார் கோடு போட்டார். எத்தனை காலுன்னு எழுதி வைக்காமப் போயிட்டார்," அப்படின்னு முணுமுணுத்துக்கிட்டே, படகுக்கான நீல டிக்கெட் ரெண்டு கிழிச்சாங்க.

சலப்... சலப்... துடுப்பு போட்டுப் படகு போச்சு. அப்பாவுக்கு இந்தப் பக்கம் மரகதம், அந்தப் பக்கம் பவளம். பவளம் ஒரு பிடி பொரியைத் தண்ணியில போட்டா. குபுகுபுன்னு மீனெல்லாம் வந்து மொய்ச்சுது. "பாருங்கப்பா," அப்படின்னா. அப்பா குனிஞ்சு, அவ காட்டின பக்கமே பார்த்தார். மண்டபம் வர்ற வரைக்கும் அந்தப் பக்கமேதான் பார்த்துக்கிட்டிருந்தார்.

அப்போ மரகதத்துக்கு என்ன தோணியிருக்கும்?

"சந்தோஷமா?"

அதுவும் கொஞ்சம். ஆனா அந்த மிளகு இருக்கே, அது தொண்டையிலேயேதான் இருந்துச்சு. குதிரையும் இவளுக்கு, படகும் இவளுக்கான்னு எரிஞ்சுது. எரிஞ்சாலும், கையில இருந்த மீதிப் பொரியை அவ தங்கச்சி மடியிலதான் கொட்டினா.

ராட்டினம் நின்னுச்சு, மணி ஓஞ்சுது, கதை கரை ஏறிடுச்சு. நீயும் கண்ணுக்குள்ளே இறங்கித் தூங்கு.

"பவளம் அப்புறம் வளர்ந்தாளா?"

பவளம் தபாலாபீஸ்ல வேலை பார்த்தா. ஜன்னலுக்குப் பின்னாடி ஒரு முக்காலி போட்டு, அது மேல நின்னு தபால் தலை விப்பா. அம்பத்தெட்டு வயசுல ரிட்டயர் ஆனா. அப்பவும் அவ நாலடி ஒரு அங்குலம்தான்.