சுங்கத்தோட சாவடி சேர்ந்த கதை

மாடும் மனுஷனும் மாமன் மச்சான் மாதிரி பேசிக்கிட்டிருந்த அந்தக் காலத்துல, மலைக் கணவாய்ப் பாதையில சடையன்னு ஒரு காவக்காரன் இருந்தான். அந்த வழியா போற வண்டியெல்லாம் அவனுக்கு ஒரு கைப்பிடி சரக்கு குடுக்கணும். அதுதான் சுங்கம். பதிலுக்கு அவன் திருடனை விரட்டணும். பாதையோரச் சாவடியில வந்தவங்க இளைப்பாறணும், மாட்டுக்குத் தொட்டி நிறையத் தண்ணி இருக்கணும். அதுவும் அவன் பொறுப்பு.

சடையனுக்குத் தூக்கம்னா உயிர். அவன் கண்ணசந்த நேரமாப் பார்த்து ரெண்டு வண்டி நழுவிடுச்சு. ஐயாவுக்கு ரோசம் வந்துச்சு. சாவடிக் கூரையோட விட்டத்தை உருவிப் பாதைக்குக் குறுக்கே போட்டுட்டான். விட்டம் போனதும் கூரை படுத்துடுச்சு. கூரையில்லாத இடத்துல எவன் உக்காரப் போறான்னு தண்ணி சுமக்குறதையும் விட்டான். சுங்கத்தை மட்டும் விடலை.

சித்திரை மாசத்து உச்சிவெயில். ராக்காயி ஒத்தை மாட்டு வண்டியில உப்பு ஏத்திக்கிட்டு வந்தா. மாட்டுக்குப் பேரு மயிலை. புருஷன் போனப்புறம் அவளுக்குப் பேச்சுத்துணை அது ஒண்ணுதான். கடற்கரையிலேர்ந்து வழிநெடுக அவளைக் கேலி பண்ணிச் சிரிக்க வச்சுக்கிட்டே வரும். அன்னைக்கு அது வாயில நுரைதான் இருந்துச்சு.

ராக்காயி ஒரு கைப்பிடி உப்பைச் சடையன் கையில வச்சுட்டு, மாட்டுக்குத் தண்ணி கேட்டா. மேல சுனையில கிடக்கு, போய்க் குடிச்சுக்கோங்கன்னான்.

மயிலை அந்த விட்டத்தையே பார்த்துச்சு. போன வருஷம் இதுக்குக் கீழதான் அது படுத்து அசைபோட்டுச்சு.

"தலைக்கு மேல இருந்தது காலுக்குக் குறுக்க வந்துருச்சே. சடையண்ணே, சாவடி எங்கண்ணே?"

கேட்டுட்டு, முன்னங்கால் மடிஞ்சு விட்டத்து மேலயே விழுந்துடுச்சு.

சடையன் மாட்டோட சேர்த்து விட்டத்தைத் தூக்கிப் பார்த்தான். அசையலை. உள்ளங்கையில உப்பு வேர்வையோட கரைஞ்சு எரிஞ்சுச்சு. உதறிட்டுக் குடத்தை எடுத்துக்கிட்டு மலையில ஓடினான். ஒரு வருஷமா ஏறாத ஏத்தம். முட்டி பேர்ந்து, பாதித் தண்ணி சிந்தி, மீதியைக் கொண்டாந்து ஊத்தினான்.

மயிலை குடிச்சுச்சு. மெல்ல எந்திரிச்சும் நின்னுச்சு.

ராக்காயி அதோட கழுத்தைக் கட்டிக்கிட்டா. "ஏதாவது சொல்லுடா மயிலை. என்னைக் கேலியாவது பண்ணுடா."

மயிலை வாயைத் திறந்துச்சு. வெறும் சத்தம்தான் வந்துச்சு. வறண்ட நாக்குல பேச்சு திரும்ப வரவேயில்லை. சேதி கேட்ட மத்த மாடுங்களும், இந்த மனுஷங்கிட்ட பேசி என்ன ஆகப்போகுதுன்னு வாயை மூடிக்கிச்சு.

மழைக்கு முந்தி சடையன் புது விட்டம் வச்சுச் சாவடியைக் கட்டினான். தொட்டியை நிரப்பினான். பழைய விட்டத்துக்கு ஒரு முனையில கல்லைக் கட்டி, வண்டி வந்து கயித்தை அவுத்தா தானா மேல எழும்புற மாதிரி செஞ்சான். இது எந்த இடம்னு யாராவது கேட்டா, வெறும் சுங்கம்னு சொல்ல அவனுக்கு நாக்கு எழலை. மயிலை கடைசியாக் கேட்டதையும் சேர்த்தே சொன்னான்.

அன்னையிலேர்ந்துதான் பாதைக்கு வரி வாங்குற இடத்துக்குச் சுங்கச்சாவடின்னு பேரு. முன்பாதி மனுஷன் கேட்டது, பின்பாதி மாடு கேட்டது. குறுக்க கிடக்கிற மரமும் வண்டிக்கு வண்டி மேல எழும்பி, தான் இருந்த கூரையைத் தேடிட்டு இறங்குது.