சாரதாமணி அக்கா ஒட்டிய கொசுப் போர்டு

சாரதாமணி அக்கா பொய் சொல்கிறவர் இல்லை. பொய் என்றால் அதில் பாதியாவது நம்புகிற மாதிரி இருக்க வேண்டும். அக்கா சொல்வது வேறு சங்கதி.

அன்றைக்கு எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ரெண்டு ரெண்டு பேராகச் சேர்ந்து ஒரு போர்டு செய்ய வேண்டும். அதில் ஒன்றே ஒன்றுதான் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். என் மகள் மிதுனாவுக்கும் அக்கா மகள் ஓவியாவுக்கும் ‘கொசுவின் வாழ்க்கை’ என்று தலைப்பு விழுந்தது. முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று ரெண்டு பேரும் ஒரு வாரமாக எங்கள் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து வரைந்தார்கள். மாவட்டத்துக்குப் போகாவிட்டால் தனக்குச் சோறே இறங்காது என்று மிதுனா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

கடைசி நாள் சாரதாமணி அக்கா வந்தார். “ஒட்டற வேலையை எங்கிட்ட உடு அம்மிணி. நீ சின்னப் பொண்ணு, கோணலா ஒட்டிப் போடுவே” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படங்களை எல்லாம் வாரிக்கொண்டு போனார். நான் ஏமாந்தது அங்கேதான்.

மறுநாள் காலை வகுப்பறையில் எல்லாப் போர்டும் விரித்து வைத்தாயிற்று. எங்களுடையது மட்டும் மூடியே இருந்தது. ஃபிரிட்ஜ் வந்த அட்டையில் செய்த மூணு மடிப்புப் போர்டு அது. இரண்டு பக்கமும் கதவு மாதிரி விரிய வேண்டும். அதைச் சுற்றிக் கயிறு கட்டி பெஞ்சின் மேல் நிறுத்தியிருந்தார் அக்கா. பக்கத்தில் பிள்ளைகள் ரெண்டும் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் வந்ததும் அம்மாக்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். நாங்கள் வராந்தாவில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெளியூர்ப் பள்ளியிலிருந்து வந்திருந்த நடுவர் சார் முதல் பெஞ்சில் ஆரம்பித்துவிட்டார்.

“ஏனுங்க்கா, நம்ம போர்டை மட்டும் இன்னும் விரிக்கலையா?” என்றேன்.

“விரிக்கறதா?” அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “உனக்கு அதோட வீரியம் தெரியாது அம்மிணி. டீச்சர் என்ன சொன்னாங்க? தலைப்பு பத்தடி தள்ளி நின்னாலும் தெரியோணும்னாங்கல்ல? நேத்து மத்தியானம் தலைப்பை எழுதி வாசல்ல சாத்தி வெச்சேன். அங்க ரெண்டு மைலுக்கு அப்பால காங்கேயம் ரோட்டுல மினி பஸ் போயிட்டு இருக்குது. டிரைவர் என்ற எழுத்தைப் படிச்சுப்போட்டு, ஊர் பேராக்கும்னு பிரேக் போட்டுட்டான். ‘கொசுவெல்லாம் எறங்கு’ன்னு கண்டக்டர் சத்தம் போட, ஏழு பேரு எறங்கிட்டாங்க.”

“எறங்குனவங்க எங்கக்கா போனாங்க?” என்றார் பேபியக்கா. இவர் தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்பு காய வைக்கிற வேலைக்குப் போகிறவர். வெயிலில் நின்று நின்று அவருக்குப் பேச்சும் காய்ந்துதான் வரும்.

“அது எனக்கென்ன தெரியும்? எழுதறது வரைக்கும்தான் என்ற பொறுப்பு. அப்பறம் நிறம். பளிச்சுனு இருக்கோணும்னாங்க. மஞ்சள் அடிச்சேன். அடிச்சு முடிச்சுத் திரும்பறேன், எதிர்க்களத்துல கெடந்த தேங்காய்ப் பருப்பு பூராவும் அரை மணி நேரத்துல காஞ்சு, எண்ணெயே கசியுது!”

“எதிர்க்களத்துலதான நான் வேலை செய்யறேன்? நேத்து அங்க கெடந்தது ஈரப் பருப்பு.”

“நீ சோத்துக்குப் போயிருந்தே பேபி. உனக்குத் தெரியக்கூடாதுன்னே அந்த நேரமாப் பாத்துக் காஞ்சுது.”

எனக்கு இந்தக் கதையெல்லாம் காதில் ஏறவில்லை. நடுவர் சார் மூன்றாவது பெஞ்சுக்கு வந்துவிட்டார். எங்களுடையது எட்டாவது. “அக்கா, கயித்தையாவது அவுக்கச் சொல்லுங்க. புள்ளைக வரைஞ்சது நாலு பேரு கண்ணுல பட வேண்டாமா?”

“வரைஞ்சதுதான் பிரச்சினையே!” அக்கா குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் அடுத்த வகுப்பு வரைக்கும் கேட்டது. “உன்ற பொண்ணு வரைஞ்ச கொசுவுக்கு நான் கால்ல மட்டும் கொஞ்சம் கறுப்பு தீட்டுனேன். அவ்வளவுதான். ஓவியாவோட அப்பா வந்தாரு, பாத்தாரு, படார்னு அடிச்சாரு. கையை எடுத்தா உள்ளங்கையில ரத்தம்!”

“யாரு ரத்தமுங்க?” என்றார் பேபியக்கா.

“அவரு ரத்தந்தான். மொதல்லயே கடிச்சிருச்சு. செத்த நேரத்துல ஊர்ல இருக்கற ஆண் கொசு பூராவும் மாப்பிள்ளைக் கோலத்துல வந்து போர்டைச் சுத்துது. பஞ்சாயத்துல இருந்து புகை மிசினைத் தூக்கிட்டு ஓடியாந்தாங்க. புகை போட்டா, பறக்கறது ஒண்ணும் சாகலை. போர்டுல இருக்கறது இருமுது! நான் கேட்டேன் அம்மிணி, இந்தக் காதால. அப்பறம் போய்ப் பாத்தா, பிரஷ் கழுவுன தண்ணியில முட்டை மெதக்குது.”

“வரைஞ்ச கொசு முட்டையும் போட்டுதா?” என்றார் பேபியக்கா.

“கறுப்பும் மஞ்சளுமா, பெயிண்ட் நெறத்துலயே. இப்பச் சொல்லு, இதை இத்தனை கொழந்தைக இருக்கற எடத்துல தொறக்கலாமா? அத்தனையும் பறந்துட்டா போர்டு வெறும் அட்டையா நிக்கும். அப்பறம் நீதான் அழுவே.”

வராந்தாவில் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா மட்டும் சிரிக்கவே இல்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஜன்னல் கம்பிக்கு நடுவே மிதுனாவைக் கூப்பிட்டு, கயிற்றைத் தளர்த்தி ஒரு ஓரத்தை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் இழுத்தாள். அட்டை அசையவில்லை. நகத்தை விட்டு நெம்பினாள். ஓரம் முழுக்க வெள்ளையாக என்னவோ வழிந்து, பாறை மாதிரி காய்ந்திருந்தது.

“அக்கா, பசை ஈரமா இருக்கறப்பவே மடிச்சு வெச்சுட்டீங்களா?”

வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்திருப்பார்கள். அக்காவுக்கு அதுவே புதுக் கதைக்கு வழி விட்டது.

“பசையா? மைதாவும், பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தமும் போட்டு நானே காச்சுன பசை அம்மிணி அது! கெளறுன கரண்டி இன்னும் சட்டியிலதான் நிக்குது. சட்டி அடுப்புல ஒட்டிக்கிச்சு. அடுப்பைத் தூக்குனா வீடே கூட வருது. ஒரு சொட்டு வாசல்ல விழுந்துச்சு, அதை மிதிச்ச சேவல் இன்னும் அங்கயேதான் நின்னு கூவுது. காங்கேயம் காளை, ஒண்ணொண்ணும் யானைக்குட்டி கணக்கா இருக்கும், அதுக ரெண்டைப் பூட்டி எதிரும் புதிருமா இழுத்தோம். காளைக்குத்தான் கொம்பு நீண்டுதே ஒழிய, போர்டு ஒரு நூலு விரியலை!”

“ஏனுங்க்கா,” என்றார் பேபியக்கா மெதுவாக, “தொறந்தா ஆபத்துன்னீங்க. அப்பறம் எதுக்குக் காளையைப் பூட்டித் தொறக்கப் பாத்தீங்க?”

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில், சாரதாமணி அக்கா பதில் இல்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ரசிக்கத்தான் நேரமில்லை. நடுவர் சார் எட்டாவது பெஞ்சுக்கு வந்துவிட்டார்.

கயிறு தளர்ந்து தொங்கிய அந்த அட்டையை அவர் முன்னும் பின்னும் பார்த்தார். ‘கவனமாகக் கையாளவும்’ என்று ஃபிரிட்ஜ் கம்பெனிக்காரன் அச்சடித்திருந்தது மட்டும்தான் அதில் எழுத்து.

“என்னம்மா இது? ஏன் தொறக்கலை?”

ஓவியா அழ ஆரம்பிக்கிற முகத்தோடு நின்றாள். நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார உழைப்பும், வீட்டில் இறங்காமல் போகப்போகிற சோறும் என் கண் முன்னால் வந்து நின்றன. மிதுனா ஒரு தடவை ஜன்னல் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, சாரதாமணி அக்காவைப் பார்த்தாள்.

“தண்ணித் தொட்டியைத் தொறந்து வெச்சாத்தானுங்க சார் கொசு முட்டை போடும்? மூடி வெச்சா போட முடியாதுங்க. அதைக் காட்டறதுக்குத்தான் மூடியே வெச்சிருக்கோம்.”

“உள்ள என்ன இருக்கு?”

ஓவியாவுக்கும் உயிர் வந்துவிட்டது. “முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு எல்லாம் இருக்குதுங்க சார். ஒண்ணும் வெளிய வர முடியாதுங்க.”

அது மட்டும் சத்தியம்.

நடுவர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். தலைமையாசிரியையைக் கூப்பிட்டார். “காலையில இருந்து போர்டு போர்டாப் பாக்கறேன் மேடம். எல்லாத்துலயும் எழுத்து, எழுத்து, எழுத்து. இது ஒண்ணுதான் ஒரு வார்த்தை எழுதாம விஷயத்தைச் சொல்லுது. என்ன சிந்தனை பாருங்க!” குப்புறப் படுத்து ஒரு வாரம் வரைந்த படத்துக்கு ஒரு மார்க்கும் இல்லை, ஒட்டிக்கொண்ட அட்டைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மாவட்டத்துக்குப் போவது எங்கள் பிள்ளைகள்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

மிதுனா துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். கட்டிப்பிடிப்பதா, எங்கே கற்றாய் இந்தப் புளுகை என்று காதைத் திருகுவதா என்று தெரியாமல் ரெண்டையும் செய்தேன்.

சாரதாமணி அக்கா அதற்குள் சேலையை உதறி நிமிர்ந்துவிட்டார். “பாத்தியா அம்மிணி? இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் வேணும்னே ஒட்டி வெச்சேன். மாவட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு பூச்சு பூசி அனுப்பறேன், நேரா டெல்லிதான்.”

“போர்டுக்கு எதுக்குங்க்கா?” என்றார் பேபியக்கா. “அந்தப் பசையை உங்க வாயில ஒரு பூச்சு பூசுங்க. ஊரே சேர்ந்து பரிசு குடுக்கும்.”