எந்த நாளில் விட்டாய்

யுவான் ஜே மலைமேல் இருந்த மடத்துக்குத் திரும்பி வந்தபோது குரு கோங்ஷான் கிணற்றடியில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார். சீடன் சற்றுத் தள்ளி நின்று வணங்கினான். குரு அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பார்த்தார். வாள் இல்லை.

"முடித்துவிட்டாயா?" என்று கேட்டார்.

"காவ் தெங் இறந்துவிட்டார்."

"நான் அதைக் கேட்கவில்லை."

ஜே கிணற்றுச் சுவரோரம் உட்கார்ந்தான். நெடுந்தூரம் நடந்து வந்தவன்; கால்களில் புழுதி படிந்திருந்தது. குரு அவனை அவசரப்படுத்தவில்லை. முள்ளங்கியைக் கழுவிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து அவன் சொல்லத் தொடங்கினான்.

அவனுடைய தந்தை யுவான் ஷான், வணிகர்களின் வண்டிகளுக்குக் காவல் போகும் வீரர்களின் தலைவர். காவ் தெங் அவருடைய நண்பர். ஒரே பானையில் உண்டவர்கள். ஒரு மழைக்காலத்தில் வண்டிகளோடு போனவர்கள், வெள்ளம் வடியட்டும் என்று ஆற்றங்கரையில் காத்திருந்தார்கள். அங்கே யுவான் ஷான் முதுகில் குத்துப்பட்டுச் செத்தார். குத்தியவர் காவ் தெங். ஏன் குத்தினார் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றே அவர் தலைமறைவானார்.

அப்போது ஜேக்கு விவரம் தெரியாத வயது. அவன் தாய் அவனை அந்த ஒரு காரியத்துக்காகவே வளர்த்தாள். சாகும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, யார் கொல்கிறான், யாருக்காகக் கொல்கிறான் என்பது காவ் தெங்குக்குத் தெரிய வேண்டும் என்றாள். தெரியாமல் செத்தால் அது பழி தீர்த்தது ஆகாது, வெறும் கொலை என்றாள். அவன் சரி என்று சொன்ன பிறகுதான் அவள் பிடி தளர்ந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் மடத்துக்கு வந்தான். எதற்காக வாள் பழகுகிறான் என்பதை அவன் மறைக்கவில்லை. குருவும் தடுக்கவில்லை.

இதெல்லாம் குருவுக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை இனிமேல்தான்.

மலையிலிருந்து இறங்கியவன் ஊர் ஊராகத் தேடினான். தெற்கே ஓர் ஏரிக்கரையில், பட்டுப்புழு வளர்க்கும் கிராமம் ஒன்றில் காவ் தெங் இருப்பதாகத் தெரிந்தது. ஜே வாளைத் துணியில் சுற்றி அந்த வீட்டு வைக்கோற்போருக்குள் செருகினான். கூலி வேலை தேடி வந்தவன்போல வாசலில் போய் நின்றான். பெயர் லின் என்றான்.

முற்றத்து வெயிலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அவர் ஜேயைப் பார்த்து, "ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"வடிந்துவிட்டது, அப்பா" என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

அவள் பெய்லிங், காவ் தெங்கின் ஒரே மகள். அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது, தன் பெயர்கூடத் தெரியாது என்று சொன்னாள். இந்தப் பக்கம் ஆறே கிடையாது, இருந்தும் தினமும் இதையே கேட்கிறார் என்றாள். எந்த ஆறு என்று ஜேக்குத் தெரிந்தது.

அன்று மதியம் அவள் தந்தைக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பெற்ற மகளே அவருக்கு அயலாளாகத் தெரிந்தாள். விஷம் வைக்க வந்தவள் என்று பயந்தார். சில நாட்களாகவே அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் தோற்றுப்போய் எதிரே உட்கார்ந்தாள். ஜே அந்தக் கிண்ணத்தை எடுத்தான். கிழவர் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு குழந்தைபோல வாயைத் திறந்தார்.

அன்று முதல் அவர் அவன் கையால் மட்டுமே உண்டார். அவனுக்கு வேலை கிடைத்ததே அதனால்தான்.

அவரை அங்கேயே கொன்றிருக்கலாம். ஆனால் தாய் சொன்னபடி பார்த்தால் அது வெறும் கொலை. எப்போதாவது அப்பாவுக்கு நினைவு தெளியும், ஒரு காலைப் பொழுது தங்கும், மறுபடி போய்விடும் என்று பெய்லிங் சொல்லியிருந்தாள். அந்தக் காலைப் பொழுதுக்காக அவன் காத்திருந்தான். அதுவரை கிழவர் உயிரோடு இருக்க வேண்டும். எனவே ஊட்டினான். குளிப்பாட்டினான். இருமல் வந்தால் முதுகைத் தடவிக் கொடுத்தான். வழி தவறிப் போனால் தேடிப்பிடித்து முதுகில் சுமந்து வந்தான்.

"எல்லாம் அதற்காகவா?" என்று குரு கேட்டார்.

"அப்படித்தான் நினைத்தேன், குருவே."

வசந்தத்தில் புழுக்கள் வளர்ந்தன. தட்டு தட்டாக வீடெங்கும் புழுக்கள். ஒரு நாள் விடாத மழை. ஈரமான இலையைத் தின்றால் புழுக்கள் நோய் கண்டு சாகும் என்று பெய்லிங் சொன்னாள். பறித்து வந்த முசுக்கட்டை இலைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு இருவரும் ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை துடைத்தார்கள். கிழவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் இலையைத் துடைத்தார். அன்று முழுவதும் அந்த ஒரே இலையைத்தான் துடைத்தார். பெய்லிங் அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. ஜே தன் கையிலிருந்த துணியை அவளிடம் நீட்டினான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துணி ஈரமாகிவிட்டதே, இனி இலையை எதால் துடைப்பது என்று கேட்டாள். அவன் தன் சட்டையின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு அவன் பின்கட்டில் விறகு பிளந்தால் அவள் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்வாள். அவன் ஏரிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் திரும்பும் வழியில் எதிரே வந்து நிற்பாள். ஒருமுறை சொன்னாள்: "நீ பேசுவதே இல்லை. ஆனால் நீ இல்லாத பொழுதில்தான் வீடு ஓசையற்றுப் போகிறது."

குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீனி எடுக்கப் போனவன் வைக்கோலுக்குள் கைவிட்டான். துணி சுற்றிய ஏதோ ஒன்று கையில் தட்டுப்பட்டது. இதை யார் இங்கே வைத்தார்கள் என்று ஒரு கணம் நினைத்தான். பிறகுதான் அது தன்னுடைய வாள் என்று உறைத்தது.

அவன் அதை வெளியே எடுக்கவில்லை. இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டான்.

அடுத்த வசந்தத்துப் பட்டுக்கூடுகளைச் சந்தையில் விற்றுவிட்டு வந்ததும் திருமணத்துக்கு நாள் பார்ப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். கூடுகள் நன்றாக வந்தன. பெய்லிங் அண்டை வீட்டுப் பெண்களோடு படகில் சந்தைக்குப் போனாள். ஜே கிழவருக்குத் துணையாக இருந்தான்.

அன்று காலை அவன் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனபோது கிழவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கண்கள் வேறு மாதிரி இருந்தன.

"உன் பெயர் லின் இல்லை" என்றார்.

"இல்லை."

"யுவான் ஷானின் மகன்."

"ஆம்."

"அதே முகம். இத்தனை நாள் உன் கையால் சாப்பிட்டது அதனால்தான் போலிருக்கிறது."

ஏன் குத்தினீர்கள் என்று ஜே கேட்டான். சின்ன வயதிலிருந்து சுமந்து வந்த கேள்வி அது. கிழவர் எதையும் மறைக்கவில்லை. விறகு தேடிப் போன இடத்தில் கொள்ளையர்கள் தன்னைத் தனியாகச் சூழ்ந்துகொண்டதையும், நீ உன் தலைவனைக் கொன்றால் உன்னை விடுகிறோம் என்று அவர்கள் சொன்னதையும், யுவான் ஷான் ஒன்றும் அறியாமல் வெள்ளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததையும் சொன்னார்.

"பயந்தேன். அவ்வளவுதான்" என்றார்.

ஜே வைக்கோற்போருக்குப் போனான். வாளை உருவிக்கொண்டு வந்தான். தாய் சொன்ன நேரம் அதுதான். கொல்ல வந்தவன் யார், யாருக்காக வந்திருக்கிறான் என்று கிழவருக்கு இப்போது தெரியும். அவர் மேலங்கியின் கழுத்தைத் தளர்த்திவிட்டுக்கொண்டார். சீக்கிரம் செய், நாளை இங்கே நான் இருக்க மாட்டேன், ஒன்றும் தெரியாத வேறொரு கிழவன்தான் இருப்பான் என்றார்.

ஜே நின்றுகொண்டே இருந்தான். பிறகு வாளைத் தரையில் வைத்தான்.

"கஞ்சி ஆறிவிடும்" என்றான்.

கிழவர் அவனை வெறித்துப் பார்த்தார். ஒரு காலத்தில் அவரும் பேர் பெற்ற வாள் வீரர். குனிந்து வாளை எடுத்தார். எடுத்த வேகத்திலேயே அவன்மேல் பாய்ந்தார். ஜே ஒன்றும் நினைக்கவில்லை. அவன் கை மட்டும் எழுந்தது. அவருடைய மணிக்கட்டைப் பற்றியது. வாளை வந்த வழியே திருப்பியது.

கிழவர் அவன் தோளில் சாய்ந்தார். "வாளை எடுத்தது நான்தான் என்று அவளிடம் சொல்" என்றார். பிறகு மூச்சு இல்லை.

இந்த இடத்தில் குரு குறுக்கிட்டார். "எந்த வீச்சு?"

"கூடு திரும்பும் நாரை."

குரு கையிலிருந்த முள்ளங்கியைக் கீழே வைத்தார். அந்த வீச்சைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். வாள் வரும்போது மனம் யோசிக்கக் கூடாது, கை யோசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். சிறிது நேரம் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறகு?" என்றார்.

பிறகு பெய்லிங் வந்தாள். அவன் ஓடவில்லை. நடந்தது எல்லாவற்றையும் சொன்னான். ஆற்றங்கரை, தாய், வைக்கோற்போர், வாள், எதையும் விடவில்லை. அவள் அவனை ஏசவில்லை. தந்தையின் உடலைக் கழுவத் தண்ணீர் வேண்டும் என்றாள். அவன் ஏரியிலிருந்து எடுத்து வந்தான். முசுக்கட்டைத் தோப்பில் இருவரும் சேர்ந்து குழி தோண்டினார்கள். இருவரும் சேர்ந்தே மண் தள்ளினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அவன் பெயரைக் கேட்டாள்.

"யுவான் ஜே."

"யுவான் ஜே" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெயரை அவள் வாயால் அவன் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அப்புறம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா சாவதற்காகத்தான் இந்த வீட்டில் காத்திருந்தாய். அப்படிக் காத்திருப்பதை எந்த நாளில் விட்டாய்?"

அவன் தேடினான். இலை துடைத்த நாளா? வாளை ஆழத்தில் தள்ளிய நாளா? எந்த நாளைத் தொட்டாலும் அந்த நாளிலும் தான் கொல்ல வந்தவன் என்ற நினைப்பு எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு மனமில்லை. தலை குனிந்து நின்றான்.

அவள் வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து போய் அவனுடைய பஞ்சு வைத்த அங்கியைக் கொண்டுவந்து கொடுத்தாள். தோளில் கிழிந்திருந்ததை எப்போதோ தைத்து வைத்திருந்தாள். மலைப்பக்கம் குளிராக இருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

அவன் வாளை ஏரியில் எறிந்துவிட்டு நடந்தான். பாதி வழிகூடப் போக முடியவில்லை. திரும்பி ஓடினான். வீடு பூட்டிக் கிடந்தது. புழுத் தட்டுகளை அண்டை வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு அவள் படகேறிப் போய்விட்டாள். எந்தத் திசை என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் துறை துறையாக அலைந்தான். அவளைப்போல நீல உடை அணிந்த பெண் ஒருத்தி படகில் எதிர்ப்பட்டால் கரையோரமாகவே ஓடிக் கூடப் போவான். முகம் திரும்பும். வேறு யாராகவோ இருக்கும்.

"குருவே, மழை பெய்தால் என் கை துணியைத் தேடுகிறது" என்றான் ஜே. "மறக்க வழி கேட்டு நான் வரவில்லை. மறக்க எனக்கு விருப்பமில்லை. அவள் கேட்ட கேள்விக்கு விடை மட்டும் வேண்டும். நான் எந்த நாளில் விட்டேன்?"

குரு முள்ளங்கியை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கிண்ணம் இருந்தது. பார்லிக் கஞ்சி. ஆவி பறந்தது. பசியில்லை என்றான் ஜே. குரு அவன் எதிரே உட்கார்ந்தார். கரண்டியில் கொஞ்சம் எடுத்தார். ஊதினார். மறுபடி ஊதி, அவன் வாயருகே நீட்டினார்.

அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்தான்.

"அந்த வீட்டுக்குப் போன முதல் நாள் அந்தக் கிழவருக்கு ஊட்டினாயே" என்றார் குரு. "இப்படி ஊதினாயா?"

ஜே யோசித்தான்.

"ஊதினேன்."

"எதற்கு?"

"கஞ்சி சூடாக இருந்தது."

"கொல்ல வந்த இடத்தில், அவர் நாக்கு வெந்தால் உனக்கென்ன?"

ஜேயின் கண்களில் நீர் நிறைந்தது. அதைத் துடைக்கவும் அவன் கை எழவில்லை. பிறகு எழுந்து நின்றான். இந்த விடையை எப்படி அவளிடம் சேர்ப்பேன், இனி எந்தத் துறையில் போய்த் தேடுவேன் என்றான்.

"நீ ஊதி ஊட்டியபோது அவள் எங்கே இருந்தாள்?"

"எதிரே உட்கார்ந்திருந்தாள்."

"பார்த்தாளா?"

"பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்."

"அப்படியானால் அவளுக்குத் தெரியும்."

"தெரிந்திருந்தும் ஏன் என்னைக் கேட்டாள், குருவே?"

குரு அடுத்த கரண்டியை எடுத்து ஊதினார்.

"உனக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்கு" என்றார்.