எதிர்வீட்டுச் சோறு

பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பெரிய நகரம் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அங்கே ஒரு சாலை. அதைக் கடக்க நின்ற ஒரு மனிதர் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது தாடி இடுப்பைத் தொட்டுவிட்டதாம். சொந்த மனைவியே அடையாளம் தெரியாமல் பிச்சை போட்டு அனுப்பினாளாம். நம்பாதவர்கள் போய் நின்று பார்க்கலாம்.

அந்தச் சாலையைப் போட்டவர் வீரபாகு, மாநகராட்சியின் தலைமைப் பொறியாளர். சிக்னல் கிடையாது, வண்டி எங்கும் நிற்க வேண்டாம் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. சாலையோரத்துச் சின்ன மடத்துக்கு அவர் சீடர். மடத்துச் சாமிக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். இருந்தாலும் காலில் விழ அவர் ஒருநாளும் கூசியதில்லை.

அன்று மாலை மடத்துக்குள் நுழையும்போதே அவர் முகம் கறுத்திருந்தது. சாமி காய்ச்சலில் கிடந்து எழுந்து, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வீரபாகு தன் சங்கடத்தைக் கொட்டினார். சாலையில் கார்கள் பிதுங்குகின்றன. இரண்டு பக்கமும் நடைபாதையை எடுத்து, புங்க மரங்களை வெட்டி, சாலையை இன்னும் அகலமாக்கச் சொல்கிறார்கள். விடிந்தால் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மாலை மரியாதையோடு ஓய்வு பெறலாம். மறுத்தால் ஏதாவது கிடங்கில் தார் டின்களுக்குக் காவல் வைத்துவிடுவார்கள்.

"போடலாமா, சாமி?"

சாமி பக்கத்தில் இருந்த திருவோட்டை எடுத்து நீட்டினார்.

"எதிர்வீட்டுக்குப் போய்ச் சோறு வாங்கிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

அந்த மடத்தில் அடுப்பு கிடையாது. எதிர்வீட்டுச் சோறுதான், தலைமுறை தலைமுறையாக. அந்தச் சோறு வண்டியேறி வரக்கூடாது, பொழுது சாய்ந்தபின் அதைத் தொடவும் கூடாது. எதிர்வீட்டு அலமேலம்மாள் முன்பெல்லாம் தெருவைத் தாண்டிக் கொண்டுவந்து கொடுப்பார். சாலை வந்தபின் நடைமேம்பாலம் ஏறி இறங்கிச் சுற்றி வந்தார். இப்போது முழங்கால் மடங்க மறுக்கிறது. சாமி நேற்றிலிருந்து பட்டினி.

வீரபாகு ஓட்டோடு வாசலுக்கு வந்தார். எதிரே வீட்டுப் படியில் அலமேலம்மாள் சட்டியோடு தயாராக நிற்பது நன்றாகத் தெரிந்தது. நடுவில் கார்கள். ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு ஓடின. மேம்பாலம் வழியாகப் போய்த் திரும்பினால் பொழுது போய்விடும். அது எவ்வளவு தொலைவு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். வைத்தவர் அவர்தானே.

ஒரு காலைச் சாலையில் வைத்தார். ஒரு கார் அவர் வேட்டியை உரசிக்கொண்டு போனது. ஓட்டியவன் கண்ணாடியை இறக்கி, "யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் பறந்தான். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பக்கத்தில் இஸ்திரி வண்டிக்கார மரகதம், தேய்த்த துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எதிர்த்தெருவில் கொடுக்க வேண்டுமாம். மத்தியானத்திலிருந்து பார்க்கிறாளாம். "நீங்க புதுசா சார்? அவசரப்படாதீங்க. கூட்டம் சேரட்டும், ஒண்ணா ஓடுவோம். யாரையாவது இடிச்சா வண்டி நிக்கும், மத்தவங்க போயிடலாம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வெயில் புங்க மர உச்சிக்கு ஏறிவிட்டது. மறுபடி காலை வைத்தார். மறுபடி எடுத்தார். உள்ளே சாமி இருமுவது கேட்டது.

கடைசியில் வீரபாகு செல்போனை எடுத்தார். போக்குவரத்து இன்ஸ்பெக்டர் தெரிந்தவர். மந்திரி போகும்போது நிறுத்துவீர்களே, அதேபோல ஒரு தடவை, எனக்காக, என்றார். சற்று நேரத்தில் தூரத்தில் விசில் கேட்டது. சாலை வெறிச்சென்று ஆனது.

அவர் இறங்கி நடந்தார். அவர் பின்னால் மரகதம் ஓடினாள். ஊன்றுகோல் ஊன்றியவர் ஒருவர், பள்ளிக்கூடப் பைகள், மருந்துச் சீட்டோடு ஒரு கர்ப்பிணி என்று எங்கெங்கோ ஒதுங்கி நின்றவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். அலமேலம்மாள் ஓடு நிறையச் சோறு போட்டு மோர் ஊற்றினார். வீரபாகு ஓடாத குறையாகத் திரும்பி வந்தார். அவர் இந்தப் பக்கம் ஏறியதும் விசில் நின்றது. கார்கள் பாய்ந்தன.

"சாப்பிடுங்க சாமி. பொழுது இருக்கு."

சாமி ஓட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கை வைக்கவில்லை.

"எப்படிக் கடந்தீங்க?"

"இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டேன். நிறுத்திக் கொடுத்தாரு."

சாமி வாசலுக்கு வெளியே பார்த்தார். வீரபாகுவும் திரும்பினார். எதிர்ப்பக்கம் மரகதம் வெறுங்கையோடு நின்றாள். ஒரு காலைக் கீழே வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். இந்தப் பக்கம் அவள் வண்டியில் கரிப்பெட்டி கனன்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவள் கத்துவது வாயசைவில் தெரிந்தது. சத்தம் வந்து சேரவில்லை.

"அந்தம்மா யாருக்கு போன் போடணும்?"

வீரபாகு கையிலிருந்த செல்போனைப் பார்த்தார்.

"சோறு எங்கயும் போகாது, நான் வச்சிருக்கேன்" என்றார் சாமி. "போய் அந்த நம்பரை அவங்க கையில கொடுத்துட்டு வாங்க. வந்ததும் சாப்பிடறேன்."