சூரியன் இறங்கிய பிறகு

கலியபெருமாள் ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆளில்லை. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த தெருக் கல்யாணத்துக்குப் போவதென்றாலும் எந்த வழியாகப் போவது, எந்தப் பந்தியில் உட்காருவது என்று முந்தின நாளே முடிவு செய்துவிடுவார். இதற்காக அவரைக் கேலி செய்யாதவர்கள் ஊரில் குறைவு.

அப்படிப்பட்டவர் கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடலுக்குச் சைக்கிளில் போகத் திட்டம் போட்டிருந்தார். பூம்புகாரில் கிளம்பி, காவிரிக்கரைப் பாதையிலேயே கரூர் வரைக்கும். பிறகு கோயம்புத்தூர், பாலக்காட்டுக் கணவாய். அதைத் தாண்டி பாரதப்புழையின் கரையோடு இறங்கினால் பொன்னானி. அங்கே கடல்.

எதிர்காற்று எங்கே அடிக்கும், பஞ்சர் கடை இல்லாத பகுதி எது, எந்தச் சத்திரத்தில் சைக்கிளை உள்ளே விடுவார்கள் என்று எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தார். கடைசி நாளுக்கு மட்டும் கொஞ்ச தூரம்தான். சூரியன் கடலில் இறங்கும்போது மணலில் நிற்க வேண்டும். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, சூரியனோடு தானும் இறங்கிவிட வேண்டும்.

திரும்பி வருகிற உத்தேசம் அவருக்கு இல்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

உண்மையில் இந்தச் சைக்கிள் பயணம் இரண்டு பேர் போட்ட திட்டம். அவர் மனைவி நாகரத்தினம் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள். சூரியன் கடலிலிருந்து எழுவதைச் சலிக்கச் சலிக்கப் பார்த்தவள். அது கடலில் விழுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ரயிலில் கூட்டிப்போகிறேன் என்றால் கேட்க மாட்டாள்.

"சூரியன் என்ன ரயில்லயா போவுது? அது பின்னாடியே நாமளும் மெதுவா போவோம்" என்பாள்.

பேரன் எடுக்கிற வயதில் சைக்கிள் பழகினாள். தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். மழை விடட்டும், வெயில் தணியட்டும், வீட்டுக்கு வெள்ளையடித்து முடியட்டும் என்று தள்ளிப்போட்டவர் கலியபெருமாள்தான். ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

ஊருக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி சிவகாமவல்லி அம்மாவின் மடம் இருந்தது. அம்மா கலியபெருமாளைவிட வயதில் ரொம்பச் சின்னவர். இருந்தாலும் எல்லோருக்கும் அம்மாதான். நாகரத்தினம் தன் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சீடராக்கிய இடம் அது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூரப் பயணம் போகிற சீடர்கள் மூட்டையை அம்மா முன்னால் வைக்க வேண்டும். அம்மா பிரித்துப் பார்த்து, வழிக்குத் தேவைப்படாததை எடுத்து வைத்துக்கொள்வார். மீதியைத் தானே கட்டிக் கொடுப்பார். எடுத்து வைத்தது, போனவர் திரும்பி வரும்வரை மடத்தில் இருக்கும்.

கலியபெருமாள் பையைக் கொண்டுவந்து வைத்தார். வானம் மூடிக்கொண்டிருந்தது. கடலும் அதே நிறத்தில் கிடந்தது.

அம்மா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பம்ப், ட்யூப், ஸ்பானர், மழைக்கோட்டு, பிரஷர் மாத்திரை. எல்லாம் அதனதன் உறையில் இருந்தது.

"வீட்டுச் சாவியக் காணுமே?"

"எதிர்வீட்டுல கொடுத்திருக்கேம்மா."

"செடிக்குத் தண்ணி ஊத்தவா?"

"செடியெல்லாம் அவங்களுக்கே கொடுத்துட்டேன்."

"திரும்பி வர்றப்ப சைக்கிள ரயில்ல ஏத்துவாங்களா?"

"அது... அங்க போயிப் பார்த்துக்கலாம்மா."

அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாழ்நாளில் சொல்லியறியாத வாய் அது. அம்மா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். கலியபெருமாள் தரையைப் பார்த்தார்.

பிறகு அவரே கேட்டார். "திட்டத்துல ஏதாச்சும் குறை இருக்காம்மா?"

"கடல் வரைக்கும் ஒரு குறையும் இல்லை."

பையின் அடியில் துணியில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. அம்மா அவிழ்த்தார். நாகரத்தினத்தின் சைக்கிள் மணி. அம்மா அதை ஒரு தடவை அடித்துப் பார்த்தார். பிறகு பையில் போடாமல் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கலியபெருமாள் பதறிப்போனார்.

"அம்மா, அது அவளோடது."

"தெரியும்."

"அது என்கூட வரணும்மா."

"வழியில தேவைப்படாது. வந்து வாங்கிக்குங்க."

கலியபெருமாளுக்கு இத்தனை நாள் யார் முன்னாலும் வராத அழுகை வந்தது.

"அவ பார்க்காதத நான் மட்டும் பார்த்துட்டு வந்து, அப்புறம் என்னம்மா செய்வேன்? அந்த வீட்டுல யார்கிட்ட சொல்லுவேன்?"

அம்மா சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். மாத்திரையை மட்டும் கைக்கு எட்டுகிற மேல்பையில் வைத்தார். வாரை இழுத்துக் கட்டினார்.

"நாகரத்தினம் இங்க உக்காந்து ஒரு நாள் என்னைய ஒண்ணு கேட்டாங்க" என்றார்.

கலியபெருமாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம ஊர்ல சூரியன் தென்னந்தோப்புக்குப் பின்னால மறையுது. அங்க நடுக்கடல்ல முழுகிப் போச்சுன்னா, தண்ணி மேல அந்த வெளிச்சம் எவ்வளவு நேரம் தங்கும்னு கேட்டாங்க. தெரியலையேன்னேன். 'சரி, நான் பார்த்துட்டு வந்து சொல்றேம்மா'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

நாகரத்தினம் இதைத் தன்னிடம் சொன்னதே இல்லை என்று கலியபெருமாள் நினைத்தார். சூரியன் இறங்குகிற நேரம் வரைக்கும் யோசித்தவர், அதற்குப் பிறகு அங்கே வெளிச்சம் இருக்குமா என்று யோசித்ததில்லை.

"எவ்வளவு நேரம் தங்கும்மா?" என்று கேட்டார்.

அம்மா பையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

"எனக்கென்ன தெரியும்? நான் அந்தக் கடலைப் பார்த்ததில்ல. கரையில உக்காந்து, நல்லா இருட்டுற வரைக்கும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."