அல்லிக்குளத்துக் கச்சேரியும் மூன்று குயில்களும்

அல்லிக்குளத்தில் ஒரு வாத்தியக் குழு இருந்தது. பன்னிரண்டு தவளைகள், ஒரு மரங்கொத்தி, காளியப்பன் என்ற காகம், செவ்வாயி என்ற முயல். இவர்களில் ஒருவருக்கும் சங்கீதம் தெரியாது! பகலெல்லாம் இரை தேடி அலைவார்கள். வெயில் சாய்ந்ததும் கரைக்கு வந்து ஒரு மணி நேரம் ஆசை தீர வாசிப்பார்கள்.

குழு பிறந்தது ஓர் ஐப்பசி மாதத்தில். அன்று இடி விடாமல் இடித்தது. நடுங்கிய தன் குஞ்சுக்காக மரங்கொத்தி மரத்தை டொக் டொக்கென்று கொத்தினார். ஒரு தவளை அதற்குப் பதில் குரல் கொடுத்தது. மற்ற தவளைகளும் சேர்ந்துகொண்டன. காளியப்பனும் தொண்டையைத் திறந்தான். இடி நின்றுபோனதே யாருக்கும் தெரியவில்லை! அன்றைக்கே அவர்கள் பேசி முடிவு செய்தார்கள். பயப்படுகிறவர் யாரும் வரலாம். தெரிந்ததை வாசிக்கலாம். வருடத்துக்கு ஒரு நாள், குளம் நிரம்புகிற அன்று, சுற்றுக் காடுகளையெல்லாம் அழைத்துக் கச்சேரி வைக்க வேண்டும்.

செவ்வாயிக்குப் போன வருடம்தான் குட்டி பிறந்தது. அதோடு பயமும் பிறந்தது. சருகு விழுந்தால் பயம், விழாமல் இருந்தாலும் பயம். முயல்கள் பின்காலால் தரையைத் தட்டினால் ஆபத்து என்று பொருள். செவ்வாயிக்கு அந்தத் தட்டு ஒன்றுதான் தெரியும். இங்கே அதையே தாளம் என்றார்கள்! அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் நெஞ்சு லேசாகிவிடும். அது இல்லாவிட்டால் மற்ற இருபத்து மூன்று மணி நேரத்தை அவளால் தாங்க முடியாது.

ஒரு பங்குனியில் பட்டணத்திலிருந்து மைனா வாத்தியார் வந்து சேர்ந்தார். இசைப் பள்ளி ஒன்றின் ஜன்னலில் மூன்று வருடம் உட்கார்ந்தவர். அவர் இறக்கையைத் தட்டி எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார். வருகிற விருந்தாளிகள் சிரிக்கக் கூடாது என்றால் தேறியவர்கள் மட்டுமே வாசிக்க வேண்டும் என்றார். தேறாதவர்களை எடுத்துவிடலாமா என்று குழுவையே கேட்டார்.

காகம் போனால் நல்லது என்று தவளைகள் தலையாட்டின. தவளைகளும் முயலும் போனால் நல்லது என்று காகம் தலையாட்டினான். காகம் போகட்டும் என்று செவ்வாயியும் பலமாகத் தலையாட்டினாள். தன் இடம் தப்பினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பரீட்சை நடந்தது. தவளைகள் ஒன்றாக ஆரம்பித்தாலும் ஒன்றாக நிறுத்தவில்லை. காகத்தை வாத்தியார் வாயே திறக்க விடவில்லை. செவ்வாயியின் முறை வந்தது. அவள் தட்டத் தட்ட வேகம் ஏறிக்கொண்டே போனது.

"இது தாளமில்லேம்மா, ஓட்டம். வீட்டுக்குப் போய்க் குட்டியைப் பாரு" என்றார் வாத்தியார்.

தேறியது மரங்கொத்தி மட்டும்தான்.

பிறகு வாத்தியார் மாந்தோப்பிலிருந்து மூன்று குயில்களை அழைத்து வந்தார். அடடா, என்ன பாட்டு! சித்திரை முழுவதும் காடே கிறங்கிக் கிடந்தது. புதருக்குள் இருந்த செவ்வாயிக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் குட்டியை அணைத்துக்கொண்டு அவள் முன்னைவிட அதிகமாக நடுங்கினாள்.

ஐப்பசி வந்தது. மழை கொட்டியது. ஒரு காலையில் குளம் விளிம்பு வரை நிரம்பிவிட்டது! மான்கள் வந்தன, கரடிகள் வந்தன, குரங்குகள் கிளையெல்லாம் தொங்கின. மரங்கொத்தி டொக்கென்று ஆரம்பித்தார். வாத்தியார் இறக்கையை உயர்த்தினார்.

குயில்கள் பாடவில்லை.

வாத்தியார் மறுபடியும் உயர்த்தினார். மூத்த குயில் மெதுவாகச் சொன்னது: "வெயில் காலத்துலதாங்க எங்களுக்குக் குரல் வரும். மழைக்காலத்துல நாங்க எப்பங்க பாடியிருக்கோம்?"

வாத்தியாருக்கு அலகு மூடவில்லை. ஜன்னலுக்கு உள்ளே நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். வெளியே எந்தக் குரல் எந்த மாதத்தில் வரும் என்பதை அவர் கவனித்ததே இல்லை. குரங்குகள் சிரிக்க ஆரம்பித்தன. கரடிகள் கிளம்ப எழுந்தன.

கரையோரப் புதரிலிருந்து பார்த்த செவ்வாயிக்குக் காது விடைத்தது. இன்று கூட்டம் இப்படியே கலைந்தால் குழு இன்றோடு சரி. அந்த ஒரு மணி நேரம் இனி என்றைக்கும் திரும்பி வராது! அவள் குட்டியைப் புதருக்குள் நன்றாக மறைத்து வைத்தாள். நேராகக் காளியப்பன் இருந்த மரத்தடிக்கு ஓடினாள்.

"அண்ணே, உங்களை எடுக்கச் சொன்னப்ப நானும் தலையாட்டினேன். தப்புண்ணே. இப்ப வாங்க."

காகம் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "நீ ஒரு தடவை ஆட்டின. உன் பேருக்கு நான் மூணு தடவை ஆட்டினேன்" என்றான். சொல்லிவிட்டு உடனே கீழே இறங்கினான்.

தவளைகள் எதுவும் காதில் விழாத மாதிரி தண்ணீருக்குள் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு இருந்தன. செவ்வாயி அவர்களிடம் எதுவும் கெஞ்சவில்லை. கரையில் ஏறி நின்றாள். இத்தனை கண்களுக்கு நடுவில் தன் கண்ணை மூடிக்கொண்டு பின்காலை ஓங்கித் தட்டினாள்.

தட்! தட்! தட்!

பன்னிரண்டு தவளைகளும் ஒரே பாய்ச்சலில் கரைக்கு வந்தன. காகம் கரைந்தான். மரங்கொத்தி இரண்டு மடங்கு பலமாகக் கொத்தினார். செவ்வாயியின் வேகம் ஏறியது. அவளைப் பிடிக்க எல்லோரும் பின்னால் ஓடினார்கள். கரடிகள் வயிற்றில் தட்டிக்கொண்டு ஆடின. குரங்குகள் கிளைகளை உலுக்கின. குயில்கள்கூட இறக்கையால் தாளம் போட்டன! கடைசியில் மைனா வாத்தியாரும் ஓரமாக வந்து நின்று விசிலடித்தார். இரண்டு தட்டு பின்தங்கித்தான் வந்தார். யாரும் அவரை வரிசையிலிருந்து எடுக்கவில்லை.

முடிந்ததும் காடு அதிர்ந்தது. மூச்சு வாங்கியபடி செவ்வாயி அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தாள். முன்வரிசையில் நரி உட்கார்ந்திருந்தது!

ஒரே தாவலில் அவள் புதருக்குள் போய்விட்டாள். குட்டி பத்திரமாக இருந்தது.

"தாளம் கொஞ்சம் வேகம்தான்" என்று வெளியே நரியின் குரல் கேட்டது. "நாளைக்கும் உண்டா?"

செவ்வாயி குட்டியை இறுக்கிக்கொண்டாள். நடுங்கினாள். ஆனாலும் பதில் சொன்னாள்.

"உண்டு. நீங்க குளத்துக்கு அந்தப் பக்கம் உட்காருங்க."

தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவரை விலக்கச் சம்மதிப்பவர் தன் இடத்தையும் இழப்பார். அடுத்தவரைத் திரும்ப அழைக்கப் போகிறவருக்கோ பயத்தோடும் நிற்க ஓர் இடம் கிடைக்கும்.